பாஸ்ரரின் பெட்டிமேல் ஒரு கொடி

பாஸ்ரர் ஆனந்தராஜா கண்ணை மூடிய பிறகுதான் லண்டன் பிளேஸ்டோத் தமிழருக்கு அவர் நல்ல மனுசனாகத் தெரிந்தார். உயிரோடு இருந்தபோது அவரைத் தூரத்தில் கண்டாலே ரோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போனவர்கள், இப்போது அவர் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மனைவி ஜெகதீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். சாவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று சட்டி சட்டியாகச் சோறும் கறியும் வந்தன. குசினி மேசையில் இடம் போதாமல் வோஷிங் மெஷினுக்கு மேலேயும் சட்டிகளை அடுக்க வேண்டியிருந்தது.

ஜெகதீஸ்வரிக்கு எழுபத்துநாலு வயது. அந்த வீட்டு வாசலில் இவ்வளவு சப்பாத்தை அவள் ஒருநாளும் கண்டதில்லை. மனுசன் போன துக்கம் ஒருபுறம் இருக்க, உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் மெல்ல எட்டிப் பார்த்தது. அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. என்ன செய்ய, சந்தோஷம் வந்தது வந்ததுதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு படம். அதைக் கொண்டுவந்து காட்டியவர் சுபாஸ்கரன். பிளேஸ்டோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், தமிழ்ச் சங்கத்தின் தலைவர். கெட்ட மனுசன் என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டில் செத்தவீடென்றால் மண்டபம் பிடிப்பதிலிருந்து தேத்தண்ணிக் கப் எடுத்துக் கொடுப்பது வரைக்கும் ஓடித் திரிவார். மாவீரர் நாள் மேடையிலும் அவர்தான், கோயில் தேரிலும் அவர்தான்.

அவர் நீட்டிய போனில், நாலு பொலிஸ்காரர்கள் ஆனந்தராஜாவைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கழுத்தில் வெள்ளைக் கொலர். சுவெற்றர் மேலேறி வயிறு தெரிந்தது. இரண்டாயிரத்து ஒன்பதில் பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் மக்களுக்காகக் கைதான போதகர் என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். அந்தப் படம் தோர்ண்டன் ஹீத்தில் தொடங்கி ரெய்னர்ஸ் லேன் வரைக்கும் போன் போனாகப் பாய்ந்து, பாரிசையும் சூரிச்சையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பவும் பிளேஸ்டோவுக்கு வந்திருந்தது.

“எங்களுக்குத் தெரியாமல் போச்சு அன்ரி,” என்றார் சுபாஸ்கரன். அவருடைய குரல் உண்மையாகவே உடைந்தது. “அவரை நாங்கள் பிழையா நினைச்சிட்டம்.”

ஜெகதீஸ்வரி படத்தைப் பார்த்தாள். அந்தச் சுவெற்றர் அவள் வாங்கிக் கொடுத்தது. அது பாராளுமன்றமும் இல்லை, இரண்டாயிரத்து ஒன்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லண்டன் டொக்ஸ் பக்கம் ஆயுதக் கண்காட்சி நடக்கும். உலகத்து அரசாங்கமெல்லாம் துவக்கும் குண்டும் வாங்க வரும். ஆனந்தராஜா நாலைந்து வெள்ளைக்காரக் கிழவிகளோடு போய் அந்த வாசல் ரோட்டில் குந்துவார். பொலிஸ் தூக்கி ஓரத்தில் வைக்கும். அவர் திரும்பி வந்து குந்துவார். படம் எடுத்த அன்றைக்கும், முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, போகவேண்டாம் என்று அவள் சண்டை பிடித்தவள். பின்னேரம் நொண்டிக்கொண்டு வந்தவர், தூக்கின பொடியங்கள் நல்ல பொடியங்கள், நோகாமல் தூக்கினார்கள் என்று பொலிசுக்குச் சேர்ட்டிபிகேற் வேறு கொடுத்தார்.

இதையெல்லாம் சுபாஸ்கரனிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வாசலில் இன்னும் நாலு பேர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. “ஓம் தம்பி,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனந்தராஜாவின் கதையைக் கேட்கிறவர்களுக்கே களைப்பு வந்துவிடும். கூட இருந்து சீவித்தவளின் பாட்டை என்னவென்று சொல்ல! பருத்தித்துறைப் பக்கம் ஒரு மெதடிஸ்த வாத்தியாரின் மகன். பள்ளிக்கூடம் முடிக்குமுன்பே இடதுசாரிப் பொடியங்களோடு சேர்ந்து, சாதி பார்த்து எல்லாச் சனத்தையும் உள்ளே விடாத தேத்தண்ணிக் கடைகளுக்குள், விடாத சனத்தோடு போய் இருந்து அடி வாங்கியவர். பிறகு போதகரானார். சிவப்புச் சட்டைக்காரர்கள் ‘உனக்கென்னடா பைபிள்’ என்றார்கள். சபைக்காரர்கள் ‘உனக்கென்னடா சிவப்பு’ என்றார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று அவர் சொன்னதை இரண்டு பேருமே நம்பவில்லை. சைவப் பெட்டையான ஜெகதீஸ்வரி நம்பினாள். நம்பிக் கல்யாணமும் கட்டியதால் அவளுடைய வீட்டுக் கதவு அன்றோடு அடைபட்டது.

பிறகு ஊரெல்லாம் துவக்கு வந்தது. இயக்கம் இயக்கமாகப் பொடியங்கள் சேர்ந்தார்கள். துவக்குத் தூக்கினவன் முதலில் எதிரியைச் சுடுவான், பிறகு பக்கத்தில் நிற்கிறவனைச் சுடுவான் என்று ஆனந்தராஜா பிரசங்கத்தில் சொன்னார். பலர் சிரித்தார்கள். ஒருநாள் அதுவே நடந்தது. ஒரு இயக்கம் இன்னொரு இயக்கத்துப் பொடியங்களைச் சுட்டுச் சந்தியில் ரயர் போட்டு எரித்தது. பெற்றவர்களே கிட்டப் போகப் பயந்த இடத்துக்கு இவர் பைபிளோடு போய் நின்று ஜெபம் பண்ணினார். ஒரு தாயை மட்டும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கிழமையே வீட்டுக்கு ஆள் வந்து எச்சரித்துவிட்டுப் போனது. மகள் கிரிஜாவுக்கு அப்போது எட்டு வயது. அவளையும் இழுத்துக்கொண்டு லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இங்கேயாவது வாயைக் கட்டினாரா? கோதாரி, எங்கே கட்டினார்! பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்துகொண்டே பிளேஸ்டோவில் ஒரு சின்னச் சபையைக் கூட்டினார். ஆயிரத்தெட்டுத் துன்பத்தோடு வந்த சனம், தமிழில் பாட ஒரு இடம் கிடைத்ததென்று ஓடி வந்தது. கதிரை போதாமல் நின்றார்கள். அப்படிப்பட்ட சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அகதியாய்க் கிடக்கிற சனத்துக்கு அள்ளிக் கொடுங்கோ, துவக்கு வாங்க ஒரு சதமும் கொடுக்காதேங்கோ என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு கதிரைகள் மிஞ்சின. அதேவேளை, ஊரில் ஆமி குண்டு போட்ட ஒவ்வொரு முறையும் இலங்கைத் தூதரகத்துக்கு முன்னால் சுலோகம் எழுதின மட்டையைத் தூக்கிக்கொண்டு தனியே போய் நின்றவரும் அவர்தான். தூதரகத்து ஆட்களுக்குப் பயங்கரவாதி, எங்கட ஆட்களுக்குத் துரோகி. இரண்டு பக்கத்திடமும் திட்டு வாங்குவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருந்தது.

கவுன்சில் எலெக்‌ஷனில் ஆறு தரம் நின்றார். ஏழைக்கு வீடு, யுத்தத்துக்கு மறுப்பு என்று ஆறு தரமும் அதே கதை. ஆறு தரமும் தோல்வி. மழையில் நனைந்து நனைந்து வீடு வீடாய்க் கடுதாசி போட்டது ஜெகதீஸ்வரி. தோற்றுப்போய் வீட்டுக்கு வந்து, இந்த முறை கொஞ்ச வோட்டுக் கூட விழுந்திருக்கு என்று பிள்ளை போலச் சந்தோஷப்படுவார். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கும். ஒரே ஒரு இடத்தில்தான் அவர் வென்றார். பெரிய கொம்பனிக் கட்டடங்களைத் துப்புரவாக்குகிற கொலம்பியாக்காரர், ஆபிரிக்கர், தமிழர் எல்லோரையும் சங்கமாகச் சேர்த்துச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்க வைத்தார். சம்பளம் கூடிய தமிழர்கள்கூட அவரைத் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை.

அவளுக்கு ஆறாத இடம் ஒன்று உண்டு. கிரிஜா பெரியபிள்ளையானபோது, இந்தச் சடங்கு தேவையில்லை என்று ஆனந்தராஜா சொல்லியும் கேட்காமல் ஜெகதீஸ்வரி சாமத்திய வீடு வைத்தாள். ஒரே பிள்ளை, நாலு பேரைப் பார்க்கிற ஒரு நாளாவது வேண்டாமா? மண்டபம் பிடித்தாள், சேலை எடுத்தாள், மணவறை போட்டாள். போகவேண்டாமென்று ஊருக்குள் ஒரு சொல் போய்விட்டது. நகையும் பூவுமாக மணவறையில் இருந்த பிள்ளை, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. வீடியோக்காரன் வெறும் கதிரைகளை எடுக்காமல் இருக்கப் பட்ட பாட்டை ஜெகதீஸ்வரி இன்றைக்கும் மறக்கவில்லை. புருசனை அவள் மன்னித்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய்.

சுபாஸ்கரன் இரண்டாம் தரம் வந்தபோது கிரிஜாவும் வீட்டில் இருந்தாள். இப்போது அவள் ரெய்னர்ஸ் லேனில் ஒரு பார்மசியை நடத்துகிறாள். தகப்பன் போனதிலிருந்து லீவு போட்டுவிட்டுத் தாயோடு நிற்கிறாள்.

அவர் சங்கத்தின் முடிவைச் சொன்னார். பாஸ்ரருக்கு நாட்டுப்பற்றாளர் என்று பட்டம் கொடுத்து மதிப்பளிக்கப் போகிறார்கள். பெட்டிக்கு மேல் இயக்கக் கொடி போர்த்தப்படும். சின்னச் சபை மண்டபம் காணாது, பெரிய மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று. பாரிசிலிருந்து பஸ் வரும். சனம் ஐந்நூறுக்குக் குறையாது. பத்தே பத்து நிமிஷம் கொடி, பிறகு உங்கட ஜெபம், உங்கட பாட்டு, எல்லாம் உங்கட விருப்பம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

கொடியா! அந்த மனுசனுக்கா! ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. கிரிஜாவைப் பார்த்தாள். கிரிஜா தாயின் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“அம்மா, ஓமெண்டு சொல்லுங்கோ,” என்றாள் மெல்ல. “அப்பாவுக்கு ஒண்டும் தெரியப் போறேல்லை. ஒருநாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு எங்கட வீட்டுக்குச் சனம் வரட்டும்.”

நாற்பத்தாறு வயதுப் பெண் அப்படிக் கேட்டாள்.  ஜெகதீஸ்வரிக்கும் அதுதானே வேண்டும். உயிரோடு இருந்தவரை மனுசன் தன் இஷ்டத்துக்கு நடந்தார், செத்த பிறகாவது எங்கள் இஷ்டத்துக்குக் கிடக்கட்டும் என்று ஒரு கோபமும் வந்தது.

“ஓம் தம்பி,” என்றாள். “செய்யுங்கோ.”

அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டாள். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த நாள் காலை போன் அடித்தது. கனகாம்பிகை, தோர்ண்டன் ஹீத்திலிருந்து. இதே கொடிக்கார இயக்கம் சந்தியில் சுட்டு எரித்த பொடியங்களில் ஒருவன் ஸ்ரீதரன், அவளுடைய மகன். ஆனந்தராஜா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போன தாய் அவள்தான். பிறகு ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து தம்பியாரோடு லண்டனுக்கு வந்தவள். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனுசி. ஆனால் வருடா வருடம் மகன் செத்த நாளன்று ரெயில் மாறி ரெயில் ஏறிப் பிளேஸ்டோச் சபைக்கு வந்து கடைசி வாங்கில் இருப்பாள். ஆனந்தராஜா முன்னுக்கு நின்று ஸ்ரீதரன் என்ற பெயரைச் சத்தமாகச் சொல்லி ஜெபம் பண்ணுவார். லண்டனில் எத்தனையோ மேடையில் எத்தனையோ பொடியங்களின் பெயரை வாசிக்கிறார்கள். அவளுடைய மகன் மற்ற இயக்கத்துப் பொடியன். அவன் பெயரைச் சொல்ல அந்த ஒரு வாய்தான் இருந்தது. ஜெபம் முடிய ஜெகதீஸ்வரி வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு, பெரிதாக ஒன்றும் கதைக்காமல் போய்விடுவாள்.

முதல் நாள் “ஓம்” என்று சொன்னபோது இந்த மனுசியின் முகம் ஜெகதீஸ்வரிக்கு நினைவு வராமல் இல்லை. வந்தது. அவள்தான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

“கொடி போர்க்கப் போயினமாம், மெய்யே தங்கச்சி?” என்று கனகாம்பிகை கேட்டாள்.

“ஓம் அக்கா. சங்கம் கேட்டது.”



“அப்ப நான் வரேல்லை,” என்றாள் கனகாம்பிகை. “கோவமில்லை, தங்கச்சி. அந்தக் கொடிக்குப் பக்கத்தில என்னால நிக்க ஏலாது, அவ்வளவுதான். நீங்கள் எனக்காண்டி ஒண்டையும் மாத்த வேண்டாம். உங்களுக்கும் சனம் வேணும்தானே. எத்தினை வருசம் தனிய இருந்தனீங்கள். நான் வீட்டில விளக்குக் கொளுத்திறன்.”

ஏசியிருந்தால் ஜெகதீஸ்வரி திருப்பி ஏசியிருப்பாள். இந்த மனுசி ஏசவுமில்லை, அழவுமில்லை. ஜெகதீஸ்வரி போனை வைத்துவிட்டு, நேற்றைய சட்டிகளைக் கழுவத் தொடங்கினாள். பாதியில் கை நின்றுவிட்டது. ஐந்நூறு பேர் வரப்போகிறார்கள். அந்த ஐந்நூறு பேருக்கும் செத்தது யாரென்று தெரியாது. தெரிந்த ஒருத்தி வீட்டில் விளக்குக் கொளுத்தப் போகிறாள். சிங்கைப் பிடித்துக்கொண்டு நின்று புருசனை வாய் நிறையத் திட்டினாள். செத்தும் என்னை நிம்மதியாய் விடமாட்டியளோ என்று கேட்டாள். திட்டி முடித்த பிறகும் அந்த மனுசி சொன்னது அப்படியே இருந்தது. அவளுக்குச் சரியான அலுப்பாக வந்தது.

பின்னேரம் சுபாஸ்கரன் மண்டபக் கதவின் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். ஜெகதீஸ்வரி அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். படம் பாராளுமன்றத்தில் எடுத்ததில்லை என்பதைச் சொன்னாள். ஆயுதக் கண்காட்சியைச் சொன்னாள். உலகத்தில் எந்தத் துவக்கும் எந்தக் கொடியும் தனக்கு வேண்டாமென்று சொல்லியே வயதுபோன மனுசன், அவருக்கு மேல் கொடி போட வேண்டாம் என்றாள். முதலிலேயே சொல்லாதது தன் பிழை என்றும் சொன்னாள்.

சுபாஸ்கரன் தேத்தண்ணிக் கப்பை மேசையில் வைத்தார். முகம் கறுத்துப் போயிற்று. ஊருக்கெல்லாம் அறிவித்தாயிற்று, இனி என்ன முகத்தோடு அவர்களிடம் போவது? ஆனாலும் அந்த நேரத்திலும் அவர் அவளுக்கு ஒரு நல்லது செய்யத்தான் பார்த்தார்.

“சரி அன்ரி. நாங்கள் இப்பிடிச் சொல்லுவம். தனக்குக் கொடி வேண்டாமெண்டு பாஸ்ரர் கடைசியாச் சொல்லிப் போட்டுப் போனவராம், அன்ரி பாவம் என்ன செய்யிறது எண்டு. அப்ப உங்களில ஒரு பழியும் வராது. சனமும் உங்களுக்காண்டி வரும்.”

அது உண்மையிலேயே நல்ல வழி. இவ்வளவு காலமும் அவள் போன வழியும் அதுதான். மனுசன்தான் அப்படி, அவ பாவம் என்று சனம் சொல்லும்போதெல்லாம் அவள் மறுத்ததில்லை. கடையில் ஒரு சிரிப்பு, பஸ்ஸில் ஒரு சுகம் விசாரிப்பு, அந்தப் பாவத்தில்தான் அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினால் போதும். கிரிஜா கதவடியில் நின்று தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர் ஒண்டும் சொல்லேல்லை தம்பி,” என்றாள் ஜெகதீஸ்வரி. “ஆஸ்பத்திரியில தண்ணி கேட்டவர், அவ்வளவுதான். கொடி வேண்டாமெண்டுறது நான். அப்பிடியே சனத்திட்டச் சொல்லுங்கோ.”

சுபாஸ்கரன் எழுந்து போய்ச் சப்பாத்தைப் போட்டார். லேஸ் கட்ட அவருக்கு நெடுநேரம் எடுத்தது. கதவு சாத்தியதும் கிரிஜா வெடித்தாள். ஒருத்தரோடயே இவ்வளவு காலம் பட்டது காணாதா, இப்ப நீங்களுமா என்று கேட்டாள்.  பிள்ளை கேட்டதில் ஒரு பிழையும் இல்லையென்று ஜெகதீஸ்வரிக்குத் தெரியும். தோர்ண்டன் ஹீத்துக்குப் போன் எடுத்து, கொடி இல்லை அக்கா என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

செய்தி படத்தைவிட வேகமாகப் பறந்தது. மறுநாள் சோறு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. முதல் கொண்டுவந்த சட்டிகளை எடுத்துக்கொண்டு போகச் சிலர் வந்தார்கள். அவர்கள் உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே வாங்கிக்கொண்டு போனார்கள். பாரிஸ் பஸ் நின்றுபோனதாகக் கேள்வி.

அடக்க ஆராதனை அந்தச் சின்னச் சபையிலேயே நடந்தது. பெட்டிக்கு மேல் ஒரு வெள்ளைத் துணி மட்டும் கிடந்தது. சபையில் மிஞ்சிய வயதான ஆட்கள் வந்திருந்தார்கள். கண்காட்சி ரோட்டில் கூடக் குந்துகிற வெள்ளைக்காரக் கிழவிகள் வந்தார்கள். வேலை உடுப்போடு இரண்டு கொலம்பியாக்காரப் பெண்கள் வந்து, ஜெகதீஸ்வரியைக் கட்டிப் பிடித்துத் தங்கள் பாஷையில் என்னவோ சொல்லி அழுதார்கள். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, அழுகை விளங்கியது. கனகாம்பிகை திருநீறு பூசிக்கொண்டு வந்து, கடைசி வாங்குக்குப் போகாமல் முன்வாங்கில் ஜெகதீஸ்வரிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

கிரிஜா கறுப்புச் சேலையில் வாசலில் நின்றாள். நேரம் கடந்துகொண்டிருந்தது. ஆராதனை நடத்த வந்த இளம் போதகர் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். ரோட்டில் ஒரு கார் வேகம் குறைந்தால் கிரிஜா ஒரு அடி முன்னுக்கு வைப்பாள். கார் போய்விடும். ஜெகதீஸ்வரி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாங்கைப் பிடித்து எழும்பி, வாசல்வரை நடந்துபோய் மகளின் கையைப் பிடித்தாள். கிரிஜாவின் கை சில்லென்று குளிர்ந்திருந்தது.

“இன்னும் கொஞ்சம் பாப்பம் அம்மா,” என்றாள் கிரிஜா. “ட்ராபிக்கா இருக்கும்.”

“பாக்க வேண்டாம் பிள்ளை,” என்றாள் ஜெகதீஸ்வரி. “வாற ஆக்கள் வந்திட்டினம். தொடங்கச் சொல்லு.”